துரைசாணிக்கு அனுப்பிய பொதி

ஒக்டோபர் 14, செவ்வாய்

காலையில் வெயில். இரண்டு மணிக்குப் பிறகு மழை, வழக்கம்போல.

பேசாமல் இருந்தது போதும். பத்திரிகைக்கு எழுதப்போகிறேன். முழுப் பெயர், பட்டம், வீட்டு விலாசம் எல்லாம் போட்டு. எனக்கு வரவேண்டிய விரிவுரையாளர் பதவி இன்னொருவனுக்குப் போனபோது வாய் திறக்கவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் அரை ஆயுளைக் கொடுத்த பிறகு, துரை தோட்டத்தை விட்டுப் போன நாளில் எனக்குத் தந்தது ஒரு கைகுலுக்கலும் ஒரு கிழட்டுக் குதிரையும். அப்போதும் திறக்கவில்லை. இந்தப் பேணிக்குத் திறக்கிறேன்.

பேணி: தகரத்தில் அடைத்த வெளிநாட்டுச் சரக்கு. மூடியில் வெள்ளைக் குதிரை ஒன்று வேலி தாண்டுகிறது. குதிரைகளின் மூட்டு வலிக்கு, மூட்டுத் தேய்வுக்கு. டவுனில் ஒரே ஒரு மருந்துக் கடைக்காரர் கொழும்புக்குச் சொல்லி எடுப்பித்துத் தந்தார். விலையை இங்கே எழுத வெட்கம். என் மனைவி தவத்துக்குப் பாதி விலைதான் சொன்னேன். அதற்கே கேட்டாள்.

"இஞ்சருங்கோ, எனக்கும் முழங்கால் நோகுது எண்டு எத்தினை நாளாச் சொல்லுறன். எனக்கு ஒரு தைலப் போத்தல். குதிரைக்குப் பேணியோ?"

திறந்தேன். பழுப்பு மா. பாகு வாசம். ஒரு கரண்டியைத் தண்ணீரில் கரைத்து, காயத்துக்குப் பூசும் அயடீன் இரண்டு சொட்டு விட்டேன். கருநீலம். பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும், அது மாப்பொருள். நாக்கில் வைத்தேன், இனிப்பு. லேபலைப் பூதக்கண்ணாடியில் வாசித்தால் உண்மையான மருந்து ஒரு கரண்டியில் ஒரு நுள்ளு. மிச்சம் மாவும் பாகும்.

கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். இதற்கா அந்த விலை.

ஒக்டோபர் 15, புதன்

மின்வெட்டு. நான் படிப்பிக்கும் பின்னேர இரசாயன வகுப்பு இல்லை. மெழுகுதிரி வாங்க வேண்டும். சவுக்காரம். தவத்தின் கண்ணாடி.

பத்திரிகைக் கடிதம் இரண்டு பந்தி ஆகிவிட்டது.

துரைசாணியை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். குதிரைக்கு அந்தப் பெயர் முத்துசாமி வைத்தது. துரை வைத்த ஆங்கிலப் பெயர் லயத்துத் தொழிலாளர் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. அவளுடைய நடையைப் பார்த்து, பங்களாக் குதிரைக்காரனான இவன் துரைசாணி என்றான். அது ஒட்டிக்கொண்டது. துரை போனார், துரையின் மனைவி போனார், இந்தத் துரைசாணி மட்டும் மடுல்கெல்லத் தோட்டத்தில், பழைய லாயத்தில், என் பொறுப்பில். பார்த்துக்கொள்வது முத்துசாமி, மு.தான்.

போன கிழமை போனபோது படுத்துக் கிடந்தாள். எழும்ப முடியவில்லை. முன்னங்கால்கள் இரண்டையும் நீட்டுகிறாள், ஊன்றுகிறாள், நடுங்குகிறாள், விழுகிறாள். மு. தோளை அவளுடைய விலாவுக்குக் கீழே கொடுத்து, "எந்திரி தாயி, எந்திரி, ஐயா வந்திருக்காருல்ல, மருவாத வேணாமா" என்று தள்ளினான். எழும்பினாள். அவன் சட்டை முழுக்கச் சாணம்.

"தெனமும் இப்பிடித்தாங்க ஐயா. வெடியக் காலயில எழுப்பி விட்டாப் போதும், அப்புறம் அது பாட்டுக்கு நிக்கும்."

புதிய மனேஜர் சொல்லிவிட்டார், வருடம் முடிவதற்குள் லாயம் காலியாக வேண்டும், நடக்கிற குதிரை என்றால் கொண்டு போங்கள், நடக்காவிட்டால் சுட அவரிடம் துவக்கு இருக்கிறது. சிரித்துக்கொண்டு சொன்னார். மிருக வைத்தியர் வந்து பார்த்தார். முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது, மூட்டுக்குச் சத்து கொடுத்தால் சில வருடம் நடப்பாள் என்றார். அதனால்தான் பேணி.

ஒக்டோபர் 16, வியாழன்

மழை இல்லை. வியப்பு.

பேணி அல்லாத வழிகள்:

மனிதருக்கான மாத்திரை. அதே மருந்துதான். ஆனால் குதிரையின் எடைக்கு ஒரு நாளைக்கு இருபது விழுங்க வேண்டும். முடியாது.

முடக்கொத்தான், கொள்ளுக் கஞ்சி. மு.வின் வைத்தியம். ஏற்கெனவே கொடுக்கிறான். தீங்கில்லை. போதவும் போதாது.

மீன் எண்ணெய். மணத்துக்கே முகத்தைத் திருப்புவாள். துரைசாணி அல்லவா.

பேணிக்குள் இருக்கும் உண்மையான சரக்கு, மாவும் படமும் இல்லாமல், சில்லறையாக. ஒன்று இறால் ஓட்டிலிருந்து எடுப்பது. மற்றது கந்தகம் சேர்ந்த ஒரு சேர்வை, வெள்ளைத் தூள். இரண்டையும் கோழித்தீன் வியாபாரிகள் வைத்திருப்பார்கள் என்று மிருக வைத்தியரே வாய் தவறிச் சொன்னார். இதுதான் வழி. இதை யோசிக்கப் படித்த மூளை வேண்டும்.

ஒக்டோபர் 18, சனி

கெலிஓயா போய் வந்தேன். பஸ்ஸில் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதனை. அடையாள அட்டையைப் பார்க்கும் பையனுக்கு என் மகன் வயதுகூட இராது. பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று வாசித்ததும் என்னை மட்டும் வரிசைக்கு வெளியே நிறுத்தினான். எங்கே போகிறாய், ஏன் போகிறாய். கோழித்தீன் வாங்க என்றேன். கோழி வளர்க்கிறாயா. ஓம் என்றேன். பொய். குதிரை என்றால் சிரிப்பான், அல்லது சிரிக்கமாட்டான்.

பலீல் நானாவின் கோழித்தீன் கடை. மூட்டை, தூசி, கல்லாவில் வெற்றிலைத் தட்டம்.

"வாங்க மாஸ்டர். கோழிக்கா, மாட்டுக்கா?"

"குதிரைக்கு."

"குதிரைக்கா." கணக்கெழுதின கை நின்றது. "ரேஸ் உடப் போறீங்களா? எனக்கும் ஒரு டிக்கட் வைங்க."

வயசு போன குதிரை, மூட்டு வருத்தம் என்று விளக்கினேன். உள்ளே போய் இரண்டு பொலித்தீன் பை கொண்டு வந்தார். ஒன்று மங்கல் வெள்ளை. மற்றது பளிங்குபோல் வெள்ளை.

"பேணியில ஈக்கிறதும் இதுதான் மாஸ்டர். படம் மட்டும்தான் இல்ல."

விலை கேட்டதும் எனக்கு மறுபடியும் அதிர்ச்சி. இந்த முறை நல்ல அதிர்ச்சி. பேணியின் விலையில் துரைசாணிக்கு அடுத்த சித்திரை வரைக்கும் காணும்.

"பில் வேணுமா?"

வேண்டாம் என்றேன். பில் போட்டால் வரி சேரும். சிரித்தார். நானும் சிரித்தேன். நீண்ட நாளைக்குப் பிறகு ஒரு மனிதரோடு சேர்ந்து சிரித்தேன் என்று எழுதி வைக்கிறேன்.

திரும்பி வரும்போது மழை. அதனால் சோதனை இல்லை. பையன்கள் கூடாரத்துக்குள்.

ஒக்டோபர் 20, திங்கள்

வெயில். சமையலறை மேசையில் தராசு. இரண்டு தூளையும் கலந்தேன், அளவு சரி பார்த்தேன். பழைய தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளில் சுற்றினேன். ஈரம் புகாது, இருபது வருடம் நான் செய்த வேலை. மேலே பழுப்புக் கடதாசி. சணல் கயிறு.

என்ன எழுதுவது என்று யோசித்தேன். தமிழில் எழுதினால் கேள்வி. ஆங்கிலத்தில் எழுதினால் கந்தகம் என்ற சொல் வரும், அதைவிடக் கேள்வி. என் பெயர் எழுதினால் நான். ஆகவே ஒன்றும் எழுதவில்லை.

நானே கொண்டுபோக நினைத்தேன். மடுல்கெல்ல பாதையில் இப்போது மூன்று சோதனைச் சாவடி. என் அடையாள அட்டையில் பிறந்த இடம் இருக்கிறது. பொதிக்குப் பிறந்த இடம் இல்லை. பொதி தனியாகப் போனால் போய்விடும். தோட்டத்துக்கு நாங்கள் எல்லோரும் எல்லாவற்றையும் அப்படித்தான் அனுப்புவோம், மருந்து, சேலை, தீபாவளிப் பலகாரம். பஸ் கொண்டக்டரிடம் கொடுத்தால் தோட்டச் சந்தியில் கொடுப்பான், கையில் ஏதும் வைத்தால் போதும்.

தவம் தராசைக் கழுவிக்கொண்டே: "இந்தக் காலத்தில பேரில்லாத பொதியை ஆர் கொண்டு போவினம்?"

"தெரிஞ்ச கொண்டக்டர்தான்."

"உங்களைத் தெரியுமோ, பொதியைத் தெரியுமோ?"

கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டேன். எதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பாள்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

மப்பு வானம். பொதியைக் காலை பஸ்ஸில் கொடுத்துவிட்டேன். சந்திக் கடைக்கு டெலிபோன் எடுத்து மு.வைக் கூப்பிடச் சொன்னேன். ஓடி வந்திருக்கிறான், மூச்சு வாங்கியது.

"காலையில ரெண்டு கரண்டி, அந்தியில ரெண்டு கரண்டி. கஞ்சியில கலந்து குடு. சர்க்கரை கொஞ்சம் போடு."

"சரிங்க ஐயா. நா சந்தியிலயே நிக்கிறேன். பஸ்சு வந்தவொடன வாங்கிக்கிறேன். இன்னைக்கு அந்திக்கே ஆரம்பிச்சிருவோம்." பிறகு: "அது எந்திரிச்சு ஓடப் போகுது பாருங்க, புடிக்கத்தான் நமக்குக் காலு இல்ல."

பின்னேரம் பத்திரிகைக் கடிதத்தில் மூன்றாம் பந்தி. நன்றாக வருகிறது.

ஒக்டோபர் 22, புதன்

மு.வைக் கொண்டுபோய்விட்டார்கள்.

பஸ் நிலையத்துக்குப் போனேன், பொதி சேர்ந்ததா என்று கேட்க. அந்தக் கொண்டக்டர் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினான். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. பஸ்ஸுக்குப் பின்னால் கூட்டிப் போய், அவனுக்குத் தெரிந்த தமிழில்:

"மாத்தயா, இனி பார்சல் கொண்டு வர வேணாம். ஆமி பிரிச்சது. வெள்ளத் தூள். கந்தகம் மணக்குது சொன்னது. யாருடையது கேட்டது. சந்தியில ஆள் வரும் சொன்னேன். அவங்க பஸ்ஸுக்குள்ள ஏறி இருந்தது, சத்தம் இல்லாம. சந்தியில அந்த மனுசன் வந்தது. சிரிச்சிட்டு வந்தது, கை நீட்டிட்டு. அவ்வளவுதான்."

"யார் குடுத்தது எண்டு கேட்டவங்களோ?"

"கேட்டது. டவுன்ல ஒரு மாத்தயா, முகம் ஞாபகம் இல்ல சொன்னேன். இரவு முழுக்க வெச்சிருந்து விட்டது. இனி நான் உங்களத் தெரியாது. போங்க."

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று நினைவில்லை. குடை பஸ் நிலையத்திலேயே. செருப்போடு கட்டிலில் இருந்தேன். தவம் ஏன் என்று கேட்டாள், சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.  முன்னமே சொன்னேனே என்று சொல்லவில்லை.

சிரித்துக்கொண்டு, கை நீட்டிக்கொண்டு.

ஒக்டோபர் 23, வியாழன்

மழை, காலையிலிருந்தே.

மு.விடம் அடையாள அட்டை கிடையாது. விண்ணப்பம் எங்கோ கிடக்கிறது. பிரஜாவுரிமைக் கடதாசியைத் தோட்டக் கந்தோரில் தொலைத்துவிட்டார்கள். பெயர் இல்லாத பொதி, அட்டை இல்லாத மனிதன். நான் சாதாரண நாளிலேயே மூன்று கேள்விக்கு நிற்கிறேன்.

மிச்சம் இருந்த தூளில் ஒரு கரண்டியை இரும்புக் கரண்டியில் வைத்து அடுப்பில் பிடித்தேன். உருகியது. பிறகு சோம்பலாக ஒரு நீலச் சுவாலை, கெட்ட மணம். வெடிக்கவில்லை, சீறவில்லை. வெடிக்காது. எந்த ஆய்வுகூடமும் ஒரு மணி நேரத்தில் சொல்லும்.

"வீட்டுக்குள்ள என்ன செய்யிறியள்? மணம் ரோட்டுக்குப் போகுது. சனம் என்ன நினைக்கும்?"

சன்னல்களைச் சாத்தினாள். மிச்சத் தூளைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். தராசையும் எங்கோ ஒளித்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. அது குதிரை மருந்து என்று காட்டக்கூடிய கடைசிச் சாட்சி என்று பிறகுதான் உறைத்தது.

வகுப்புக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். பத்திரிகைக் கடிதத்தைக் கிழித்தேன். பேணியில் மா இருந்தால் யாருக்கென்ன.

ஒக்டோபர் 24, வெள்ளி

பாக்கியம் வந்தாள். மு.வின் மனைவி. பத்து மணியளவில் கேற்றடியில் நின்றாள், தலையில் கொழுந்து பறிக்கப் போடும் முரட்டு றெட்டுத் துணி, நனைந்து. எத்தனை பஸ் மாறி வந்தாளோ. கதிரையில் இருக்கச் சொன்னோம், தரையில்தான் இருந்தாள். தவம் தேத்தண்ணீர் கொடுத்தாள். குடிக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தாள்.

பொலிசில் ஐந்து நிமிடம் பார்க்க விட்டிருக்கிறார்கள்.

"யாருக்குன்னு கேட்டாங்களாம். தொரசாணிக்கு மருந்துன்னு சொல்லியிருக்காரு. எந்தத் தொரசாணி, எந்தப் பங்களான்னு அடிச்சிருக்காங்க. குதிரைங்கன்னு சொன்னா நம்பலீங்க. குதிரைக்கு மருந்துன்னா டொக்டரு சீட்டு எங்க, பில்லு எங்கன்னு கேக்குறாங்களாம்."

"என்ர பேரைச் சொன்னவனோ?"

"இல்லீங்க."

தவம் என்னைப் பார்த்தாள்.

"சொல்லவே இல்லீங்க ஐயா. எங்கிட்டயும் சொல்லாதன்னாரு. ஐயாவையும் உள்ள போட்டுட்டா நம்மள எடுக்க யாரு இருக்கா, ஐயா வெளிய இருந்தாத்தான் இங்கிலீசுல பேசி நம்மள எடுத்து விடுவாரு, நீ போயி ஐயாகிட்ட வெவரத்த மட்டும் சொல்லுன்னாரு. அதான் வந்தேன்."

விசுவாசம் என்று நினைத்தால் தாங்கியிருப்பேன். இது கணக்கு. அடி வாங்கிக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறான். என்னை முதலாக வைத்துப் போட்ட கணக்கு.

"நாளைக்கு வர்றீங்களா ஐயா? என்னோடயே வந்தாலும் சரிதான்."

"முதல்ல டொக்டரிட்ட ஒரு கடிதம் எடுக்கோணும். வெறுங்கையோட போகேலாது."

"சரிங்க." எழும்பினாள். வாசலில் நின்று: "தொரசாணி படுக்க மாட்டேங்குதுங்க."

"என்ன?"

"அவரு போனதுல இருந்து படுக்கலீங்க. நின்னுக்கிட்டே இருக்கு. படுத்தா எழுப்பி விட ஆளு இல்லன்னு அதுக்குத் தெரியுது போல. கால் ரெண்டும் வீங்கிப் போச்சு."

தேத்தண்ணீரைத் தவத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஆறிப்போயிருந்தது.

ஒக்டோபர் 25, சனி

மிருக வைத்தியர். சிங்களவர், இளைஞர், நல்லவர் என்று போன கிழமை வரை நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பேனையை எடுத்தார், மூடினார். ஆங்கிலத்தில், மெதுவாக: குதிரையைப் பார்த்தது உண்மை, சத்து கொடுக்கச் சொன்னது உண்மை. பேணி என்றுதான் சொன்னேன். பெயர் இல்லாத தூள் நான் சொல்லவில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள்.

நீங்களே பொலிசுக்குப் போய்ச் சொல்லுங்கள், கேட்டால் நான் இல்லை என்று சொல்லமாட்டேன் என்றார். முதலில் நான் போக வேண்டும். அதுதான் அர்த்தம்.

பேணியை அனுப்பியிருந்தால். படம் இருந்திருக்கும், வேலி தாண்டும் குதிரை. சிங்களம் தெரிந்தவனும் தமிழ் தெரிந்தவனும் பார்த்தவுடன் விளங்கும் படம். மாவுக்கல்ல, அந்தப் படத்துக்குத்தான் அந்த விலை என்று இப்போது விளங்குகிறது.

ஒக்டோபர் 26, ஞாயிறு

கெலிஓயா. பலீல் நானா என்னைக் கண்டதும் கடைப் பலகையை எடுத்துச் சாத்தத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை, இன்னும் பதினொரு மணி ஆகவில்லை.

"நானா, ஒரு பில் மட்டும். பழைய திகதி போட்டு."

"மாஸ்டர்." குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு பேர் வந்து விசாரிச்சிட்டுப் போனாங்க. கந்தகம் யாரு விக்கிறதுண்டு. நான் கோழித்தீன் மட்டும்தான் விக்கிறண்டு சென்னேன். இப்ப நான் பில் எழுதினா, எனக்கும் அந்தாளுக்கும் பொலிஸ்ல ஒரே கூடு. போன தடவ கடைய எரிச்சப்போ யாரு வந்தாங்க? ஒங்களுக்குத் தெரியாததா?"

"அண்டைக்குப் பில் வேணுமோ எண்டு நீங்கள்தானே கேட்டனீங்கள்."

"கேட்டேன். நீங்கதான் வாணாண்டு சென்னீங்க."

கடைசிப் பலகையைப் போட்டார்.

ஒக்டோபர் 27, திங்கள்

மடுல்கெல்ல போனேன். தவத்துக்குச் சொல்லவில்லை. பையில் கரட் மட்டும்.

மூன்றாவது சாவடியில் இறக்கினார்கள். அட்டையை நீட்டினேன். எங்கே போகிறாய். தோட்டத்துக்கு. யாரைப் பார்க்க. அந்த நேரம் சொல்லியிருக்கலாம். வாயில் வாக்கியம் தயாராக இருந்தது, சிங்களத்தில், இலக்கணப் பிழை இல்லாமல்: நீங்கள் பிடித்த பொதி என்னுடையது, அது குதிரைக்கு. அவன் அட்டையைத் திருப்பித் தந்துவிட்டான். வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

லாயம். நிற்கிறாள். தலை தொங்கி, முன்னங்கால் மாற்றி மாற்றி ஊன்றி. முழங்கால் இரண்டும் தேங்காய் அளவு. கண் மூடும், உடல் சாயும், உடனே திடுக்கிட்டு நிமிர்வாள். என் காலடிச் சத்தத்துக்குக் காதை முன்னே வைத்தாள். நான் என்று கண்டதும் காது திரும்பிவிட்டது. கரட்டை மணந்து பார்த்தாள், எடுக்கவில்லை.

தோளைக் கொடுத்துப் பார்த்தேன், மு. கொடுக்கும் இடத்தில், விலாவுக்குக் கீழே. படு, நான் இருக்கிறேன் என்றேன். என் மேல் கொஞ்சம் சாய்ந்தாள். என் கால் வழுக்கியது. உடனே விலகிக்கொண்டாள்.

மனேஜர் பங்களாப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு கிழமை பார்ப்பேன். பிறகு பாவம், மாஸ்டர், அதுக்கும் வேதனை."

பாக்கியம் வேலைக்காட்டில். அவளைப் பார்க்காமல் வந்துவிட்டேன். பார்த்தால் கேட்பாள்.

ஒக்டோபர் 28, செவ்வாய்

மழை. ஒன்றும் செய்யவில்லை.

தவம் பலகாரத்துக்கு மா இடித்தாள், பாதியில் விட்டுவிட்டாள்.

"லண்டனில இருக்கிற உங்கட தம்பியிட்ட ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன். அவருக்கு ஆரேனும் லோயரைத் தெரிஞ்சிருக்கும்."

என் தம்பி இனக் கலவரத்துக்குப் பிறகு ஒரு கடிதம் எழுதினான், சேமமா என்று. அதோடு சரி. அவனிடம் கேட்பதை விட... எழுதி முடிக்க விருப்பமில்லை.

ஒக்டோபர் 29, புதன்

தெளிந்த வானம். நாளைக்குத் தீபாவளி. லயங்களில் இந்நேரம் வெடி கேட்க வேண்டும். இந்த வருடம் வெடிக்கு அனுமதி இல்லையாம்.

பொலிஸ் அத்தியட்சருக்குக் கடிதம். காலையிலிருந்து எழுதி முடித்தேன். ஆங்கிலத்தில், இரண்டு பக்கம். தூள் என்ன, எதிலிருந்து செய்வது, குதிரைக்கு எவ்வளவு, அது ஏன் வெடிக்காது, எப்படிச் சோதித்துப் பார்க்கலாம். பொதியை அனுப்பியவர் இன்னொருவர், வாங்க வந்த மனிதனுக்கு உள்ளே என்ன இருந்தது என்பதுகூடத் தெரியாது. லாயம் எங்கே, குதிரை எந்த நிறம், முழங்கால் எப்படி வீங்கியிருக்கிறது, போய்ப் பார்க்கலாம். நல்ல கடிதம். நான் எழுதியதில் இதுதான் நல்லது. விரிவுரையாளர் பதவிக்கு எழுதியதைவிட.

தட்டச்சில் அடிக்கவில்லை. வகுப்புக் கந்தோர் இயந்திரத்தில் ஒரு எழுத்து எப்போதும் மேலே ஏறி நிற்கும், தெரிந்தவர்கள் கண்டுபிடிப்பார்கள். கையால், பெரிய எழுத்தில், இடது பக்கம் சாய்த்து எழுதினேன். நான் வலது பக்கம் சாய்த்து எழுதுபவன்.

கலவரத்துக்குப் பிறகு ஒரு முறை கையெழுத்துப் போட்டேன். என் குவாட்டர்சைக் கொள்ளையடித்த இரண்டு பேரைத் தெரியும், பெயர் சொல்லி வாக்குமூலம் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து அதில் ஒருவன் தொழிற்சாலைக் கேற்றுக்கு வந்தான். கையில் என் வாக்குமூலத்தின் பிரதி. எங்கிருந்து எடுத்தானோ. விரித்துக் காட்டி, இது மாத்தயாவின் கையெழுத்தா என்று மரியாதையாகக் கேட்டான். ஓம் என்றேன். அழகான கையெழுத்து என்று சொல்லி, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான். வேறொன்றும் செய்யவில்லை. இன்றுவரை ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கடதாசி இன்னும் அவனிடம் இருக்கும்.

தவம் கடிதத்தை வாங்கி வாசித்தாள். கண்ணாடி இன்னும் வாங்கவில்லை, தூரப் பிடித்து வாசித்தாள். முடிவுக்கு வந்து தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

"உங்கட பேர் எங்க?"

"விஷயம் எல்லாம் இருக்குத்தானே."

"அந்தப் பொதிக்குள்ளயும் விஷயம் எல்லாம் இருந்தது. பேர்தான் இல்லை."

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். விட்ட இடத்திலிருந்து மா இடிக்கும் சத்தம்.

கீழே இரண்டு விரல் அகலம் வெற்றிடம் விட்டிருந்தேன். அதில் பேனையை வைத்தேன். ஒரு புள்ளி விழுந்தது. அதற்கு மேல் கை போகவில்லை. புள்ளி விழுந்த அடிப்பகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். வெட்டிய தடம் தெரியவில்லை.

உறையில் இட்டு ஒட்டிவிட்டேன். முத்திரையும் ஒட்டியாயிற்று. பெயர் போடவில்லை, போடப்போவதில்லை. நாளைக் காலை, மழைக்கு முன், இந்தத் தெருப் பெட்டியில் அல்ல, ரயில் நிலையத்தடிப் பெட்டியில்.